ஒரு டாலர் வெல்டர்

ராபர்ட் பிர்சிக்கின் 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' புத்தகத்தில் எனக்கு மூன்று விலைகள் மறக்கவில்லை.

முதலாவது 25 சென்ட். கதைசொல்லியின் வண்டியில் எஞ்சின் அடிக்கடி சீஸ் ஆகிறது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பையன்கள் அதை இன்னும் கெடுத்து அனுப்புகிறார்கள். கடைசியில் அவரே கண்டுபிடிக்கும் காரணம், ஆயில் போகும் பாதையில் உடைந்து கிடந்த ஒரு 25 சென்ட் பின். இரண்டாவது, பள்ளம் சிதைந்து வெளியே வர மறுக்கும் ஒரு ஸ்க்ரூ. அது வரும்வரை வண்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே அந்த நேரத்தில் அந்த ஸ்க்ரூவின் விலை மொத்த வண்டியின் விலை என்கிறார் பிர்சிக். மூன்றாவது ஒரு டாலர். வழியில் ஒரு சின்ன ஊரில் செயின் கார்டு உடைந்துபோக, வயதான ஒரு வெல்டரிடம் கொண்டுபோகிறார். மெல்லிய தகடு, கொஞ்சம் அசந்தால் ஓட்டை விழும். பெரியவர் கேஸ் டார்ச்சை வைத்து வைத்து எடுத்து, பார்க்கவே அழகாக ஒட்டித் தருகிறார். இவர் பாராட்டுகிறார். பெரியவர் ஒரு டாலர் என்கிறார். பாராட்டு அவருக்கு விளங்கவில்லை, ஒரு மாதிரி பார்க்கிறார். வண்டி கிளம்பிவிடுகிறது.

நானூறு பக்கத்துக்கு 'தரம்' என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே போகிற புத்தகம் இது. அந்தத் தரத்தைக் கையில் வைத்திருக்கும் ஆள் ஒரு பக்கத்துக்குள் வந்து, ஒரு டாலர் வாங்கிக்கொண்டு, பெயரில்லாமல் போய்விடுகிறார். இந்த இடம்தான் என்னை இப்போது தொந்தரவு செய்கிறது.

இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் முதல்முறை படித்தபோது இப்படியெல்லாம் தோன்றவில்லை. அப்போது நமக்கு ஃபீட்ரஸ்தான் ஹீரோ. அரிஸ்டாட்டிலோடு சண்டை போட்டுப் பைத்தியமாகிறவர். 1968இல் மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை மகன் கிறிஸ்ஸைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போன பயணம், 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பி 1974இல் வெளிவந்த கதை, இதெல்லாம் ஹாஸ்டல் அறையில் போதுமான போதையைத் தந்தன. பிர்சிக் கம்ப்யூட்டர் மேனுவல் எழுதிப் பிழைத்தவர் என்பது பின்னால் நானே அந்தத் துறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மேனுவல் எழுதுகிறவர்கள் இயந்திரத்தை வேடிக்கை பார்ப்பவர்களைப் போல எழுதுகிறார்கள் என்று அவர் திட்டுவார். ஸ்பிரிண்ட் கடைசி நாளில் டாக்குமென்டேஷன் எழுதிய யாருக்கும் அது வலிக்கும்.

இரண்டாம் முறை படிக்கக் காரணம் ஒரு ஜாவா. கருமத்தம்பட்டியில் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்கிற பெரியப்பா மகன், அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், பெரியப்பாவின் 1969 மாடல் ஜாவாவை மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்று கிளம்பினார். சேஸிஸும் ஆர்.சி. புக்கும் வீட்டில் இருந்தன. எஞ்சின் எப்போதோ எடைக்குப் போயிருந்தது. பெட்ரோல் டேங்க் பல்லடத்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. உக்கடம் பக்கம் காயலான் கடையில் ஒரு சாக்கு நிறைய எஞ்சின் சாமான். வைத்திருந்த பணம் 40,000 ரூபாய். தறி ஓடாத வாரத்தில் அதிலிருந்தே வீட்டுச் செலவும் போகும்.

மைசூரில் 1961இல் திறந்து 1996இல் மூடிய ஐடியல் ஜாவா கம்பெனியின் வண்டி அது. 250 சிசி டூ ஸ்ட்ரோக், 65 மில்லிமீட்டர் போர், இரட்டை சைலன்சர், கிக்கரே கியர் லீவராகவும் மாறும் அந்த வேடிக்கை. சாக்கைக் கொட்டியதும் தெரிந்தது, கிராங்க் கேஸின் இடது பாதி ஒரு வண்டியுடையது, வலது பாதி வேறொன்றுடையது. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் கம்பெனியில் பேரிங் துளைகளைக் கடைந்திருப்பார்கள். வேறு ஜோடி சேர்த்தால் துளைகள் நேர்க்கோட்டில் நிற்காது, கிராங்க் இறுகும், சீல் வழியே காற்று உள்ளே ஏறும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் அழும். என் தொழிலில் இதற்குச் சமமானது ஒரு லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் ஒரே புரொகிராமில் மாட்டிக்கொள்வது. என்ன, அங்கே பழையதை அழித்துவிட்டு டவுன்லோட் செய்துகொள்ளலாம்.

பிர்சிக் உதிரி பாகங்களைப் பற்றி எழுதாமல் இல்லை. மனசு சோர்ந்துபோக வைக்கும் பொறிகள் என்று ஒரு பெரிய பட்டியலே போடுகிறார்: தவறான வரிசையில் மாட்டுவது, வந்து வந்து போகும் கோளாறு, கடையில் தப்பான பார்ட் தருவது. கழற்றும்போது நோட்டில் எழுதிவை, செய்தித்தாள் விரித்து வரிசையாக அடுக்கு என்று அவர் சொல்வதை அண்ணனிடம் சொன்னேன். "கழட்டுனதத்தான வரிசையா வெக்கோணும்? நம்முளுது யாரோ கழட்டுனதாச்சே" என்றார். புத்தகத்தின் மேல் வைக்கப்பட்ட நியாயமான விமர்சனம். பிர்சிக்கின் ஹோண்டா சூப்பர் ஹாக் முழு வண்டி. அதன் எல்லா பாகமும் ஒன்றையொன்று அறியும். அவருடைய அறிவு முறை முழுசும் அந்த ஒழுங்கை நம்பியே நிற்கிறது: இயந்திரம் என்பது பாகங்களும் வேலைகளுமாகப் பிரியும் ஒரு படிநிலை. சாக்கிலிருந்து தொடங்குகிறவனுக்கு அந்தப் படிநிலை கொடுக்கப்பட்டதல்ல. முதலில் அதை விலைக்கு வாங்க வேண்டும்.

பீர் கேன் காட்சியை இங்கே சொல்ல வேண்டும், புத்தகத்திலேயே புகழ்பெற்ற இடம். நண்பர் ஜானின் புது பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டின்னிலிருந்து ஒரு துண்டு அலுமினியத் தகடு வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. ஜானுக்கு அவமானமாகப் போய்விடுகிறது. என் வண்டியில் பீர் டின்னா! பிர்சிக் இதை எடுத்துக்கொண்டு இரண்டு வகை மனிதர்கள் என்ற கோட்பாட்டுக்குப் போகிறார்: பொருள் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பவர், அது என்னவாகத் தோன்றுகிறது என்று பார்ப்பவர். அருமையான பக்கங்கள். ஆனால் அந்த உரையாடல் சாத்தியமாவதே இருவருக்கும் கையில் காசு இருப்பதால்தான். பீர் டின் அங்கே ஒரு தேர்வு. சோமனூர்ப் பக்கம் தறி ஃபிட்டர் சிகரெட் பாக்கெட் அட்டையைக் கத்தரித்து ஷிம் வைப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவர் கிளாசிக்கலும் இல்லை ரொமான்டிக்கும் இல்லை. மத்தியானத்துக்குள் தறி ஓடணும், அவ்வளவுதான்.

கிராங்க் வேலைக்குக் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். புது கனெக்டிங் ராடு, புது பின் ஏற்றி பிரஸ்ஸில் அழுத்திய கிராங்க் நேராக இருக்காது. இரண்டு சென்டருக்கு நடுவில் மாட்டி, டயல் கேஜை வைத்துச் சுற்றி, முள் எங்கே ஏறுகிறதோ அங்கே குறித்துக்கொண்டு, செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி சுற்றுவது. மறுபடி ஒரு தட்டு. மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்குள் முள் ஆட்டத்தைக் கொண்டுவர அவருக்கு இருபது நிமிஷம் ஆனது. எங்கே, எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "அதேன் டயலு சொல்லுதே தம்பி" என்றார். அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அவரை வைத்து ஒரு தத்துவம் கட்டலாம் என்ற ஆசை எனக்கும் வந்தது. அந்த ஆசையைத்தான் இப்போது சந்தேகிக்கிறேன். பிர்சிக்கின் வெல்டரும் ஒன்றும் விளக்கவில்லை. உடனே நாம் அவரை மௌன ஞானி ஆக்கிவிடுகிறோம். அவர் மௌனமாக இருந்ததற்கு அடுத்த வேலை காத்திருந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று ஏன் தோன்றுவதில்லை?

பிர்சிக்குக்கு நியாயம் செய்யவும் வேண்டும். அவருடைய கதைசொல்லி தனிமையால் நோயுற்றவன். மின்சார அதிர்ச்சி சிகிச்சையில் பழைய தன்னை இழந்தவன், பின்சீட்டில் இருக்கும் மகனிடமே பேசத் தெரியாதவன். வெல்டரிடம் பேச முடியாமல் போவது அந்த ஆளின் குறை. புத்தகம் அதை அறிந்தே வைத்திருக்கிறது. பாராட்டு ஏன் எட்டவில்லை என்று சில வரிகள் குழம்பவும் செய்கிறது. சிக்கல் நம்மிடம். அந்த நோயையே வாழ்க்கை முறையாக எடுத்துக்கொண்டோம். ஒரு ஆள், ஒரு வண்டி, ஒரு ஷெட், மழை, காபி என்று இன்ஸ்டாகிராமில் ஓடுகிற ரீஸ்டோரேஷன் வீடியோக்களில் லேத்துக்காரர் வெட்டப்பட்டிருப்பார். 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்' (2005) படத்தில் பர்ட் மன்றோ 1920 மாடல் இண்டியன் ஸ்கவுட்டுக்கு ஷெட்டிலேயே பிஸ்டன் வார்க்கிறார். காசு இல்லாததால் செய்த காரியம் அது. படத்தில் அது ஒரு கிழவரின் செல்லக் கிறுக்காக மாறிவிடுகிறது. ஆன்டனி ஹாப்கின்ஸ் நன்றாகத்தான் நடித்திருக்கிறார், அது வேறு விஷயம்.

மேத்யூ கிராஃபோர்டின் 'ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்' (2009) இந்த இடத்தில் நேர்மையானது. அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு மோட்டார் சைக்கிள் கடை போட்டவர். ஒரு பழைய ஹோண்டா மாக்னாவில் ஆயில் சீலைக் கிளறிக் கிளறி மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டு, இதில் எவ்வளவு நேரத்துக்கு வண்டிக்காரரிடம் பில் போடலாம் என்று தவிக்கிறார். என் ஆர்வத்துக்கு அவர் ஏன் காசு தர வேண்டும்? பிர்சிக்கின் மொத்தத் தத்துவத்திலும் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக வருவதில்லை. ஆனால் கிராஃபோர்டின் உரைநடையில் பிர்சிக்கின் இரவுகள் இல்லை. இரண்டில் எது பெரிய புத்தகம் என்று கேட்டால் இன்றும் பிர்சிக் பெயரைத்தான் சொல்வேன்.

நம்மூரில் இந்தக் கதைக்கு ஒரு மூலம் உண்டு. கருமத்தம்பட்டி இருக்கும் அதே சூலூர் வட்டாரத்தில்தான் கலங்கல். ஜி.டி. நாயுடு 1893இல் அங்கே பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை செய்து, காசு சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டினார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்காத கோயமுத்தூர்ப் பிள்ளை கிடையாது. சொல்பவருக்கேற்ப ஹோட்டல் வருஷங்கள் கூடும் குறையும். எனக்கு இதில் பிடித்தது, பிர்சிக்கில் இல்லாத ஒன்று: பணம் கதையின் நடுவில் இருக்கிறது. தட்டுக் கழுவிய வருஷங்கள் இல்லாமல் அந்த வண்டி இல்லை.

ஆனால் நாம் சொல்கிற விதத்தில் இங்கேயும் அதே தனி ஆள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட முதல் பஸ் வாங்க ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்ததும், 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் செய்தபோது கூட டி. பாலசுந்தரம் இருந்ததும் 'இந்தியாவின் எடிசன்' என்ற பட்டத்துக்குள் அடங்குவதில்லை. அவரோடு சேர்ந்து வளர்ந்த ஒரு ஊரே, பவுண்டரியும் பேட்டர்ன் கடையும் லேத்தும் பம்பு செட்டுமாக, அந்தப் பட்டத்துக்கு வெளியே நிற்கிறது. கொங்கு நாவல் 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' மூலம் காட்டுக்குள் நுழைந்தது. 'சாயத்திரை'யில் சாயப்பட்டறையைப் பார்த்தது, 'மணல்கடிகை'யில் திருப்பூர் பனியன் உலகத்தைப் பார்த்தது. லேத்தின் முன்னால் நின்று எழுதப்பட்ட பக்கங்கள் ரொம்பக் குறைவு. டயல் கேஜின் முள் அசைவதைத் தமிழில் எழுத வார்த்தை இல்லாமல் இல்லை. மேலே நானே சுமாராக எழுதியிருக்கிறேன். அதை எழுதத் தகுந்த விஷயம் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

நாயுடு இறந்தது 1974 ஜனவரியில். அந்த வருஷமேதான் பிர்சிக்கின் புத்தகமும் வந்தது. ரட்ஜ் இன்று கோவை ஜி.டி. அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பிர்சிக்கின் ஹோண்டா வாஷிங்டனில் ஸ்மித்சோனியனிடம் இருக்கிறது. இரண்டும் ஓடுவதில்லை.

அண்ணனுடைய ஜாவாவுக்கும் கிட்டத்தட்ட அந்த வழி திறந்திருந்தது. 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்து தனி வரிசை எண் வாங்கலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், வாங்கியிருக்கும் தொகையில் சரிபாதி. கட்டணத்தைவிட எனக்கு உறுத்தியது வரையறை. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. மழை படாத போர்ட்டிகோவில் ஐம்பது வருஷம் நிறுத்தி வைக்க முடிந்தவரின் வண்டிக்குத்தான் இந்த வரையறை பொருந்தும். ஒரு கஷ்ட காலத்தில் எஞ்சினை எடைக்குப் போட்ட வீட்டின் வண்டி, ஐந்து ஊர்ச் சாமானால் மறுபடி பிறந்தாலும், மூலம் ஆகாது.

அண்ணனுக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. விண்டேஜ் எண் வாங்கிய வண்டியை அன்றாட வேலைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது என்றும் அந்த விதியில் இருக்கிறது. அவர் பழைய ஆர்.சி.யையே புதுப்பித்து, மாற்றிய எஞ்சினின் எண்ணை அதில் ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். சோமனூரிலிருந்து ஊடை நூல் மூட்டை எடுத்து வர அவருக்கு வண்டி வேண்டும்.