ஸ்கேனர் கேட்கும் காது

அமெரிக்காவில் டெட்ராய்ட் காவல்துறை 1928-இல் ரோந்து கார்களுக்கு வானொலியில் செய்தி சொல்லத் தொடங்கியது. அதன் பிறகு அந்த நாட்டில் இந்தப் பேச்சைக் கேட்பதற்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் உருவானது. நியூயார்க் புகைப்படக்காரர் வீஜி, 1938-இல் காவல்துறை அலைவரிசையைக் கேட்கும் வானொலியைக் காரில் வைக்க அனுமதி பெற்றார். சம்பவ இடங்களுக்கு அவர் அத்தனை வேகமாகப் போய்ச் சேர அதுவும் ஒரு காரணம்.

இப்படிப் பல அலைவரிசைகளை மாற்றி மாற்றிக் கேட்க உதவும் வானொலிதான் ஸ்கேனர். பழைய ஸ்கேனரில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனிப் படிகத்தைப் பொருத்த வேண்டும். இரைச்சலை அடக்கும் குமிழை எவ்வளவு திருப்புவது, ஆன்டெனாவை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் கைப்பழக்கம். அரைகுறைச் சொற்களிலிருந்து எந்தத் தெருவில் தீ, எத்தனை வண்டிகள் புறப்பட்டன என்று தேர்ந்த காது கணித்துவிடும். பொறுமையைக் கற்றுத்தரும் அருமையான கலை இது.

இன்று பல நகரங்களில் காவல்துறைப் பேச்சு டிஜிட்டலாகி, மறையாக்கத்துக்குள் போய்விட்டது. அதைத் திறக்கும் 256 பிட் சாவி இல்லாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது. நியூயார்க் காவல்துறை 2023-இல் இந்த மாற்றத்தைத் தொடங்கியது. சிகாகோவில் பொதுமக்களுக்கு 30 நிமிடம் தாமதித்த ஒலிதான் கிடைக்கிறது.

பாதிக்கப்பட்டவரின் பெயரும் முகவரியும் காற்றில் பரவக்கூடாது என்பது நியாயம். ஆனால் அதற்காக எல்லா அலைவரிசைகளையும் பூட்ட வேண்டியதில்லை. துப்பறியும் பேச்சு மறைவாக இருக்கட்டும். அன்றாட ரோந்துப் பேச்சை மக்கள் கேட்கத் திறந்துவிடுங்கள்.