கல்லில் எழுதிய கடன்

நவம்பர்த் திங்கள் இறந்தோரின் திங்கள். அதன் 2ஆம் நாளில் நம் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரிகள் ஒளிவிடும். வெள்ளையடித்த சிலுவைகள் மாலை சூடும். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அவ்வேளையில் நம் கண்கள் பெயரைத் தேடுகின்றனவேயன்றிக் கல்லைப் பார்ப்பதில்லை. கல்லறைக் கல்லும் ஓர் இலக்கியமே. ஒரு வாழ்வை நான்கு முழ இடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டிய கடினமான இலக்கியம். ஆகவே அதனைத் திறனாய்வு செய்வது தவறாகாது.

அத்திறனாய்வுக்குரிய அளவுகோலைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கொங்கு மண்ணின் ஊர்ப்புறங்களில் புலிகுத்திக் கற்கள் பல நிற்கின்றன. பட்டியையும் ஊரையும் காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கு எடுத்த கற்கள் அவை. பாயும் புலியின் உடலில் வீரன் ஆயுதத்தைப் பாய்ச்சுகிறான், அவ்வளவே சிற்பம். எழுத்துப் பொறிக்கப்பட்டவையும் உண்டு. எழுத்தே இல்லாதவையும் உண்டு. எனினும் வழிப்போக்கனுக்குப் பொருள் விளங்குகிறது: இவன் பிறருக்காக மாண்டான், பிழைத்தவர்கள் அதை மறக்கவில்லை. இறந்தவரின் பெருமையைக் காட்டிலும் இருப்பவரின் கடனைச் சொல்வதே நல்ல நினைவுக்கல் என்னும் இலக்கணம் இங்கே கிடைத்துவிடுகிறது.

இவ்விலக்கணத்தைக் கையிற்கொண்டு கிறிஸ்தவக் கல்லறைகளை நோக்குவோம். சென்னை ஜார்ஜ் கோட்டையில் 1680இல் அர்ச்சிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்தின் முற்றத்தில் பழைய கல்லறைக் கற்கள் தளமாகப் பாவப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 1652ஆம் ஆண்டைச் சேர்ந்த எலிசபெத் பேக்கர் என்னும் பெண்மணியின் கல். இவை முதலில் கோட்டைக்கு வெளியே இருந்தவை. 1758-59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அங்கிருந்த கல்லறைகள் பகைவருக்கு மறைவிடமாயின. ஆதலால் பின்னர்க் கற்கள் உள்ளே கொணரப்பட்டன. இங்கிலாந்துச் சிற்றூர் ஆலய முற்றங்களின் மரபு அப்படியே கடல் கடந்து வந்திருப்பதை இங்கே காணலாம். குலச்சின்னம், பதவி, லத்தீன் மொழிப் புகழுரை ஆகியவற்றைச் செதுக்கிய கை தேர்ந்த கை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களால் யார் வாழ்ந்தார், யார் அழுதார் என்னும் வினாவுக்கு அச்சின்னங்களிடம் விடை இல்லை.

இந்நிலையில் ஒரே மனிதருக்கு எடுக்கப்பட்ட இரு சலவைக்கல் சிற்பங்கள் நம் சிந்தனைக்குரியவை. அம்மனிதர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். 1726இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றிய லுத்தரன் குரு. கொங்கு நாடும் அவரை அறியும்; 1779இல் ஐதர் அலியிடம் சமாதானத் தூதராகச் சென்றபோது கரூர் வழியாகவே அவர் சீரங்கப்பட்டணம் சேர்ந்தார். 1798 பிப்ரவரி 13இல் தஞ்சையில் உயிர் நீத்தார்.

முதற்சிற்பம் கிழக்கிந்தியக் கம்பெனியார் எடுத்தது. மேற்சொன்ன புனித மரியாள் ஆலயத்தினுள் உள்ளது. செதுக்கியவர் இளைய ஜான் பேக்கன். மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ், சூழ்ந்து நிற்கும் மாணவச் சிறுவர், உடன் ஊழியர், மேலே சிலுவை ஏந்திய வானதூதர், இவற்றோடு குருத்துவத்தின் அடையாளச் சின்னங்கள். பக்தி நிறைந்த படைப்புத்தான். ஆனால் சின்னங்கள் மிகுந்து மனிதர் குறைந்துவிட்டனர். கண் ஓரிடத்தில் தங்காமல் அலைகிறது.

இரண்டாவது, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எடுப்பித்தது. தஞ்சைச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் உள்ளது. செதுக்கியவர் இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன். இங்கும் மரணப் படுக்கையே காட்சி. ஆனால் நடுவே நிகழ்வது ஒரே செயல்: மன்னர் குனிந்து, மரிப்பவரின் கையைப் பற்றுகிறார். மற்ற உருவங்கள் யாவும் அக்கைகளை நோக்கியே நம்மை அழைத்துச் செல்கின்றன.

குறைகளும் இல்லாமல் இல்லை. பிளாக்ஸ்மன் தஞ்சையைக் கண்டவரல்லர். கிரேக்கக் கலையில் தோய்ந்த அவரது உளி நம் மக்களின் சாயலை முழுதும் பிடிக்கவில்லை. வரலாற்றுக்கும் காட்சி சற்று மாறுபட்டதே. நோயுற்றிருந்த குருவைச் சரபோஜி கண்டு அறிவுரை பெற்றது உண்மை. ஆனால் உயிர் பிரிந்த வேளையில் அவர் அருகில் இல்லை. பின்னரே வந்து உடலைக் கண்டு அழுதார். அரியணையும் அதற்குப் பின்னரே, அவ்வாண்டிலேயே, அவருக்குக் கிட்டியது. அப்படியாயின் இச்சிற்பம் பொய்யா? அன்று. தம்மைக் காத்து வளர்த்தவரின் கையைக் கடைசி நொடியில் பற்றியிருக்க வேண்டும் என்னும் ஏக்கத்தைக் கல் நிறைவேற்றியிருக்கிறது. இறந்தோர்க்காக நாம் செய்யும் மன்றாட்டும் இத்தகைய ஏக்கத்தோடு உறவுடையதன்றோ?

சுவார்ட்சின் கல்லறையை மூடிய கருங்கல்லுக்கு ஆங்கிலத்தில் பா எழுதியவரும் சரபோஜியே. புலமை காட்டும் பா அன்று அது; எளிய சொற்களால் ஆனது. அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் அவர் ஆற்றிய தொண்டைச் சொல்லி, அத்தந்தைக்குத் தகுந்தவனாய்த் தான் வாழ வேண்டும் என்ற வேண்டுதலோடு முடிகிறது. கிறிஸ்தவராகாத மன்னர், கிறிஸ்தவக் குருவின் கல்லறையில் தம்மை மகன் என்று எழுதிக்கொள்கிறார். அரசன் ஒருவன் தன் கடனை இதைவிடத் தாழ்மையாக எவ்வாறு அறிக்கையிட முடியும்? புலிகுத்திக் கல்லின் இலக்கணம் இங்கே முழுமை பெறுகிறது.

இனி நம் கல்லறைகளுக்கு வருவோம். பளபளக்கும் கருங்கல், இயந்திரம் பொறித்த எழுத்து, பெயர், இரு தேதிகள், வகித்த பதவி, கல்லை அமைத்த மக்கள் பெயர்கள். செலவு கூடியிருக்கிறது, சொல் குறைந்திருக்கிறது. பக்கத்திலேயே ஏழையின் மரச்சிலுவை இரு மழைக்காலங்களில் மண்ணோடு மண்ணாகிறது. இதனினும் வேதனை, தமிழகத்தின் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதியின் பெயரால் சுவர்கள் எழுந்தது. ஒரே அப்பத்தை உண்டவர்களை மண்ணுக்குள்ளும் பிரிக்கும் சுவர், உயிர்த்தெழுதலில் நாம் கொண்ட விசுவாசத்துக்கே எதிரான கல்வெட்டாகும். வேற்றுச் சமயத்து மன்னர் நீட்டிய கையைப் பார்த்தபின் அச்சுவரைப் பார்க்க நாணமாயிருக்கிறது.

பெருஞ்செலவில் சிற்பம் செதுக்க நம்மால் இயலாது, வேண்டியதுமில்லை. பெயருக்கும் தேதிக்கும் கீழே ஒரே ஒரு வரி போதும். இத்தாய் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சோறிட்டாள். இவர் கிணறு வெட்டி ஊருக்கு நீர் தந்தார். இவ்வாறு எழுத முனைவோமாயின், எழுதுவதற்குரிய செயல் எது என்னும் கேள்வி நம்மையே வந்து தொடும். வரும் நவம்பரில் மெழுகுதிரி ஏற்றும்போது அக்கேள்வியையும் உடன் கொண்டு செல்வோம்.