சோழியும் சொல்லும்: தமிழர் அறிவியல் வரலாற்றில் பொருள்களின் இடம்

முன்னுரை

தமிழ் ஆய்வுலகில் 'இலக்கியத்தில் அறிவியல்' என்பது நன்கு பழகிய தலைப்பு. சங்கப் பாடல்களில் வானியல், திருக்குறளில் மருத்துவம், சித்தர் பாடல்களில் வேதியியல் எனக் கருத்தரங்குதோறும் கட்டுரைகள் படிக்கப்பெறுகின்றன. இவற்றுட் சில உழைப்பும் நுட்பமும் உடையன. ஆயினும் பெரும்பாலானவை ஒரே தடத்தில் செல்கின்றன. பாடலிலிருந்து ஓர் உவமையோ ஒரு சொல்லோ எடுத்துக்கொள்ளப்படுகிறது. இன்றைய அறிவியலில் அதற்கோர் இணை காட்டப்படுகிறது. 'அன்றே நம் முன்னோர் அறிந்திருந்தனர்' என்று கட்டுரை முடிகிறது. அறிந்தவர் யார், எதனைக் கையிற் கொண்டு அறிந்தார், எவ்வாறு கணக்கிட்டார், பிழை நேர்ந்தபோது எவ்வாறு திருத்தினார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

இவ்வழக்கத்தைத் திறனாய்வு நோக்கில் அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழில் 'பொருள்' என்னும் சொல் பண்டத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். நம் ஆய்வுகள் இரண்டாவதைத் தேடிச் சென்று முதலாவதைக் கைவிட்டுவிட்டன. தமிழரின் அறிவியல் பெரிதும் வாழ்ந்த இடம் பாட்டன்று. பொருள்களும் அவற்றைக் கையாண்ட கைகளுமே என்பது இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

அறிவும் கருவியும்

சிந்தனை மண்டைக்குள் மட்டுமே நிகழ்வது என்னும் கருத்து மேலை ஆய்வுலகில் பல முனைகளிலிருந்து மறுக்கப்பட்டுள்ளது. எட்வின் ஹட்சின்ஸ் 1995 இல் வெளியிட்ட நூலில், கடற்படைக் கப்பலொன்றின் இருப்பிடத்தைக் கணிக்கும் பணியை ஆராய்ந்தார். அக்கணிப்பு எந்தவொரு மாலுமியின் மூளையிலும் முழுமையாக நிகழவில்லை. வரைபடம், அளவுகோல், திசைகாட்டி, பலருடைய கைகள் ஆகியவற்றிடையே அது பரவிக் கிடந்தது என்பது அவர் கண்ட உண்மை. 1998 இல் ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் ஆகிய மெய்யியலாளர் இருவர், நினைவிழந்த ஒருவர் எப்போதும் உடன் வைத்திருக்கும் குறிப்பேடு அவருடைய மனத்தின் ஒரு பகுதியே என வாதிட்டனர். அறிவியல் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1953 இல் வாட்சனும் கிரிக்கும் மரபணு மூலக்கூற்றின் வடிவத்தைக் கண்டறிந்தபோது, அட்டையில் வெட்டிய துண்டுகளையும் உலோகத் தகடுகளையும் பொருத்திப் பார்த்தே அம்முடிவுக்கு வந்தனர்.

இக்கோட்பாடுகளைத் தமிழ்ச் சூழலில் பொருத்திப் பார்ப்பதற்கு நாம் பாடல்களுக்குள் செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் தரையில் பரப்பப்பட்ட சோழிகளைப் பார்த்தால் போதும்.

புதுச்சேரியில் சோழிகள்

பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தில் வெள்ளிக் கோளின் இடைமறிப்பைக் காண்பதற்காக 1768 இல் புதுச்சேரிக்கு வந்தார். 1769 ஜூன் மாதம் அந்நிகழ்வு நேர்ந்தபோது மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அங்குத் தங்கியிருந்த காலத்தில், தமிழ்க் கணியர் கிரகணம் கணிக்கும் முறையை அவர் கற்றார். அவர்கள் எழுதுகோலின்றிச் சோழிகளை வரிசைப்படுத்தி விரைந்து கணக்கிடுவதைப் பதிவு செய்தார்.

இதனினும் விரிவான சான்றைத் தருபவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய இவர், 1825 இல் சென்னையில் 'கால சங்கலிதா' என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணியர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்தும், செயற்கையான சொற்களாகவும் அசைகளாகவும் மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டும், சந்திர கிரகணம் ஒன்றை அவருக்குக் கணித்துக் காட்டினார். அது 1825 மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களின் இடையிரவில் நிகழ்ந்த கிரகணம். அறிவியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நியூகேபவர் 1952 இல் வெளியிட்ட தமிழ் வானியல் பற்றிய கட்டுரையில் இந்நிகழ்ச்சிக்கு முதன்மை அளித்தார். அக்கணிப்பின் பிழை கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என அவர் எடுத்துக்காட்டுகிறார்.

கணியர் மனனம் செய்திருந்தவை 'வாக்கியங்கள்' எனப்படும். சந்திரன் புவிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடையும் சுற்று ஒன்பது முறை நிகழ ஏறத்தாழ 248 நாள் ஆகும். இந்த 248 நாளுக்கும் நாளுக்கொன்றாக 248 வாக்கியங்கள் உள்ளன. எழுத்துகள் எண்களாகக் கொள்ளப்படும் இவ்வடமொழித் தொடர்கள் ஒவ்வொன்றும் சந்திரனின் நிலையைத் தருகின்றன. இம்முறையை விளக்கும் 'வாக்கியகரணம்' குப்பண்ண சாஸ்திரி, கே.வி. சர்மா ஆகியோரால் பதிப்பிக்கப்பட்டு 1962 இல் சென்னையில் வெளிவந்தது.

இங்கு ஒரு வினா எழுகிறது. அக்கணியர் வானியல் கோட்பாடு எதனையும் அறியாதவராகவே இவ்வரலாற்றில் சித்திரிக்கப்படுகிறார். அவ்வாறாயின் கிரகணத்தை 'அறிந்தது' யார்? கோட்பாடு அவரிடம் இல்லை. மனத்தில் இருந்தவை ஒலித்தொடர்கள். தரையில் இருந்தவை சோழிகள். ஒலி நினைவைத் தாங்கிற்று. சோழி இடைநிலைத் தொகைகளைத் தாங்கிற்று. கை அவற்றை முறைப்படி நகர்த்திற்று. இம்மூன்றும் கூடிய இடத்தில்தான் அறிவு இருந்தது. இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் கணிப்பு நிகழாது. 'பொருள் புரியாமல் செய்த கணக்கு' என்று இதனைத் தள்ளுவோர், இன்று கணினியில் எண்களை இட்டு விடை பெறும் நாமும் அதே நிலையில் இருப்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

நாழியும் கல்லும்

கிரகணக் கணிப்பு ஒருசிலரது கலை. அன்றாட வாழ்வில் எல்லாரும் கையாண்டவை முகத்தல் கருவிகள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி கொண்ட கலத்தை எட்டும்வரை இவ்வரிசை முழுவதும் இரட்டித்தலால் அமைந்தது. எட்டு என்பதும் மும்முறை இரட்டித்ததே. இவ்வமைப்பிற்குக் காரணத்தை நூலில் தேட வேண்டியதில்லை, கையில் தேடலாம். நெல்லைப் பத்தாகப் பகுப்பது கடினம். இரண்டு ஒத்த குவியலாகப் பகுப்பது எழுத்தறியாதவர்க்கும் எளிது. பாதி, பாதியிற் பாதி என்னும் எண்ணம் படியின் வாயிலிருந்து கணக்கிற்குள் வந்ததாகக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பின்னங்களின் பெயர்களும் இதற்குத் துணை நிற்கின்றன. மா என்பது 1/20. காணி என்பது 1/80. இவ்விரண்டும் நில அளவின் பெயர்களுமாகும். இருபது மா ஒரு வேலி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஒப்பித்த சிறுவனுக்குப் பின்னம் என்பது வெற்றெண்ணன்று. காலடியில் கிடக்கும் வயலின் பங்கு. தொல்காப்பியமும் அளவுப்பெயர், நிறைப்பெயர் ஆகியவற்றைத் தனி வகையாகக் கொண்டு, அவை ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று தொகைமரபில் வகுத்துரைக்கிறது. சந்தையில் புழங்கிய கருவிகளின் பெயர்கள் இலக்கணத்தில் இடம் கோரும் அளவிற்கு அக்கருவிகள் மொழிக்குள் ஊன்றியிருந்தன.

பொருள் அளவாக நிற்க வேண்டுமாயின் அதன்மீது நம்பிக்கை வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளின்படி, முதலாம் இராசராசன் காலத்தில் பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகள் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. இவை அக்கோயில் இறைவனின் பெயர்கள். எடைக்கல்லுக்கு இறைவன் பெயரைச் சூட்டியதைப் பக்தி என்று மட்டும் கொள்ளலாகாது. கல்லைக் குறைப்பவன் யாரிடம் குற்றவாளியாவான் என்பதை அப்பெயர் அறிவிக்கிறது. மேலை நாட்டிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1889 முதல் ஒரு கிலோகிராம் என்பது பாரிசுக்கு அருகே காக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றின் நிறையே. நூறாண்டளவில் அதற்கும் அதன் படிகளுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு தோன்றியது. 2019 மே 20 முதற்கொண்டே கிலோகிராம் பிளாங்க் மாறிலியால் வரையறுக்கப்படுகிறது. மிக நுண்ணிய அறிவியலும் நூற்றுமுப்பது ஆண்டுக்காலம் ஓர் 'ஆடவல்லான்' கல்லையே நம்பியிருந்தது எனலாம்.

பொருளின் எல்லை

இதுவரை கூறியவற்றால் பொருள்கள் எப்போதும் அறிவை வளர்ப்பன என்று முடிவு செய்தல் பிழையாகும். சிந்தனையைத் தாங்கும் பொருள் அதனை உறையவும் வைக்கும். சோழியும் வாக்கியமும் விரைவாக விடை தந்தன. ஆனால் அவ்விடை வானத்தோடு ஒத்திருக்கிறதா என்று கேட்கும் வழி அவற்றுள் இல்லை. மாறிலியில் இருந்த சிறுபிழை நூற்றாண்டுகளில் பெருகிற்று.

இதனை உணர்ந்து செயற்பட்டவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராகப் பணியாற்றிய இவர் 1867 இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்; 1874 இல் நிகழ்ந்த வெள்ளி இடைமறிப்பைப் பற்றித் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எளிய நூல் வெளியிட்டார்; கண்ணால் கண்ட நிலையோடு பொருந்தும் 'திருக்கணித' பஞ்சாங்கத்தையும் தொடங்கினார். அவர் பழைய சுவடிக்கு எதிராகப் புதிய சுவடி எழுதினார் என்பதினும், சோழிக்கு எதிரே தொலைநோக்கியை நிறுத்தினார் என்பதே பொருந்தும். கருவி மாறியபோதே வினாவும் மாறிற்று.

அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 அன்று நிகழ்ந்ததாகத் திருக்கணிதம் கூற, வாக்கிய முறையைப் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயில் அது 2026 இல்தான் நிகழும் என அறிவித்தது. எந்நாள் சரி என்று வாதிடுவோர் பலர். அவ்விரு நாள்களுக்கும் பின்னே இருவேறு கருவிகள் நிற்பதை எடுத்துரைப்போர் அரியர். தமிழ்த்துறைகள் ஆற்றக்கூடிய பணி அதுவே.

பாட்டைப் படிக்கும் முறை

பொருள்களை நோக்குதல் இலக்கியத்தைப் புறக்கணிப்பதாகாது. அதனை நன்கு படிக்க உதவுவதாகும். முல்லைப்பாட்டில் பாசறையில் நாழிகைக் கணக்கர் நீர்க்கருவி கொண்டு பொழுதளந்து மன்னனுக்கு அறிவிக்கும் காட்சி உள்ளது. 'சங்கத் தமிழர் காலத்தை அளந்தனர்' என்று இதனை மேற்கோள் காட்டுவதோடு பல கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்து 24 நிமிடத்தை ஒரு கலத்தில் அடக்குவதற்குத் துளையின் அளவு எத்துணை நுண்மையாக அமைய வேண்டும்? நீர் கலத்துள் ஏறிற்றா, கலத்திலிருந்து வடிந்ததா? பாசறையில் இரவு முழுதும் அதன் அருகே விழித்திருந்தவர் யார்? இவ்வாறு வினவும்போது பாட்டின் அக்காட்சி பெருமிதச் சான்றாக இல்லாமல், உறங்காத மனிதரும் ஒழுகும் நீரும் உள்ள உண்மைக் காட்சியாகிறது. நாழி, நாழிகை என்னும் சொற்களின் நெருக்கமும் கலத்தால் காலம் அளந்ததை நினைவூட்டுகிறது.

முடிவுரை

மலேசியத் தொடக்கப் பள்ளிகளில், தமிழ்ப்பள்ளிகள் உட்பட, 2003 இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. அக்கொள்கை கைவிடப்படும் என 2009 இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் 'தமிழில் அறிவியல் கூடுமா' என்ற வினாவிற்கு நாம் அளித்த விடை பெரும்பாலும் கலைச்சொற் பட்டியலாகவும் இலக்கிய மேற்கோளாகவுமே இருந்தது. அவை வேண்டியவையே; ஆயினும் போதியவை அல்ல. ஒரு மொழியில் அறிவியல் வாழ்ந்தது என்பதற்கு, அம்மொழி பேசியோர் கையில் எவற்றை வைத்துச் சிந்தித்தனர் என்பதே உறுதியான சான்று.

நம்முள் பலர், பாட்டிமார் கெட்டிப்பால் டின்னால் அரிசி அளந்ததைக் கண்டு வளர்ந்தவர்கள். நாழி கைவிட்டுப் போன நாட்டில் டின் நாழியாயிற்று. தலையைத் தட்டி அளக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. தமிழாசிரியர் ஒருவர் அந்த டின்னையும் கொஞ்சம் அரிசியையும் வகுப்பறைக்குக் கொண்டுசென்று, உழக்கு, உரி, நாழி என்னும் வரிசையை மாணவரே கொட்டிக் கண்டுபிடிக்கச் செய்யலாம். ஆய்வாளர் ஒருவர், இலக்கியத்தில் அறிவியல் பற்றி அடுத்த கட்டுரை எழுதுமுன், தாம் எடுத்துக்கொண்ட அடிக்குப் பின்னே இருந்த கருவி யாது என்னும் வினாவைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளலாம். விடை கிடைக்காத இடத்தில் 'அன்றே அறிந்தனர்' என்னும் தொடரை எழுதாது விடுவதும் ஆய்வு நேர்மையே. பெருமை குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெயரின்றி மறைந்த கணியர் எத்தனையோ பேர் தரையில் சோழி பரப்பி நிலவின் நிழலைப் பின்தொடர்ந்தனர் என்பது, எந்த உவமையினும் பெரிய உண்மையாகும்.