மூச்சு யாருடையதோ, பெயரும் அவருடையதே

மறைந்த பாடகரின் குரலில் புதுப் பாட்டு வந்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அச்சு அசல் அவர் மாதிரியே இருக்கா?" வடசென்னையில் எங்கள் மூலக்கொத்தளம் டீக்கடையிலும் அதுதான், தொலைக்காட்சி விவாதத்திலும் அதுதான். இருக்கிறது என்றால் கைதட்டல், இல்லையென்றால் ஏச்சு. ஆட்டத்தைப் பார்க்காமல் ஜெர்சியின் நிறத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலை இது. நாம் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில் மறைந்த இரண்டு பாடகர்களின் குரல். ஒருவர் 1990-களின் இறுதியில் போனவர், இன்னொருவர் 2022-இல். ஜனவரியில் நம்மைவிட்டுப் போன ஒரு பாடகியின் குரல், ஜூனில் 'கோட்' படத்துக்காக வெளியான 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் கேட்டது. செப்டம்பரில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ', 2011-இல் மறைந்தவரைத் திரும்பக் கொண்டுவந்தது. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினார்களா, பணம் கொடுத்தார்களா என்று நிறையப் பேசியாகிவிட்டது. பேசவேண்டியதுதான். ஆனால் அந்தப் பாட்டுக்குள் முடிவெடுத்தது யார் என்பதை யாரும் பேசவில்லை.

இந்த வித்தை நடக்கும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உயிரோடு இருக்கும் ஒருவர் முழுப் பாட்டையும் பாடுகிறார். கணினி அவருடைய தொண்டையின் நிறத்தை மட்டும் கழற்றிவிட்டு, மறைந்தவரின் நிறத்தைப் பூசுகிறது. சுருதி எங்கே ஏறுகிறது, சொல் தாளத்துக்கு எவ்வளவு பிந்தி விழுகிறது, எந்த எழுத்தில் அழுத்தம், எங்கே மூச்சு, எல்லாம் பாடினவருடையது அப்படியே நிற்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு டிராக் பாடகர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவர் பிழைப்பு கெடும். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற ஊர்வலங்களில் மரண கானா பாடிப் பழகிய தொண்டை. இன்று இசையமைப்பாளர்களுக்கு டிராக் பாடிக் கொடுக்கிறார். அவர் பாடினதைக் கேட்டு, பெரிய பாடகர்கள் வந்து அதே பாட்டைப் பாடிவிட்டுப் போவார்கள். அவரிடம் நான் கவனிப்பது ஒன்றே ஒன்றுதான்: மூச்சு வாங்கும் இடம்.

சரணத்தின் மூன்றாவது அடியில் சாதாரணப் பாடகர் அடி முடிந்ததும் மூச்சு வாங்குவார். அது பத்திரமான இடம். இவர் அடி முடிவதற்கு ஒரு சொல் முன்னால் வாங்குவார். கடைசிச் சொல் அடுத்த அடியோடு ஒட்டிக்கொண்டு புறப்படும். கேட்கிறவருக்கு எங்கோ பிடி நழுவுவது போலத் தோன்றும், அழுகை அங்கேதான் வரும். சாவு வீட்டில் கற்றது இது. செத்தவர் பெயரை எந்த அடியில் சொல்வது என்று கானா பாடுகிறவர்தான் அந்த இடத்திலேயே தீர்மானிக்கிறார். முன்னாலேயே சொல்லிவிட்டால் ஒப்பாரி எழுந்து பாட்டை மூடிவிடும். ரொம்பத் தள்ளிப்போட்டால் கூட்டம் நகர்ந்துவிடும். இவர் அந்த இடத்தைத் தவறவிட்டு நான் கேட்டதில்லை. இந்தக் கணக்கை எந்தக் கணினியும் போட்டுக் கொடுப்பதில்லை. நாளைக்கு இவர் பாடின டிராக்கின் மேல் ஒரு மறைந்த மேதையின் நிறத்தைப் பூசினால், "என்ன உருக்கம், மேதை மேதைதான்" என்பீர்கள். அந்த உருக்கம் எங்கள் பேட்டைக்காரருடையது.

பழைய ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுகிற விவகாரத்துக்கும், முடிவெடுத்தது யார் என்ற இதே அளவுகோல்தான். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2015-இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தில், 2000-இல் மறைந்த நடிகர் நாயகியை 'ரே' என்று கூப்பிடுவார். அவர் எப்போதோ பேசிய 'அஃப்ரெய்டு' என்ற சொல்லிலிருந்து அந்த ஒரு அசையை நறுக்கி எடுத்தார்கள். அந்தப் பெண்ணை அவர் கூப்பிடவே இல்லை. அப்படி ஒரு பாத்திரம் வரும் என்றே அவருக்குத் தெரியாது. அது ஒலித் தொகுப்பாளரின் சாமர்த்தியம், நடிப்பு என்று பெயர் போடக் கூடாது. மறு வருடம் 'ரோக் ஒன்' வந்தது. அதே வரிசையின் 1977 படத்துக்கு எடுத்து, பயன்படுத்தாமல் விட்ட விமானிகளின் காட்சிகளை அதில் சேர்த்தார்கள். அதே பாத்திரம், அதே போர், முடிவும் அந்த நடிகர்கள் எடுத்தது. எத்தனை மெருகேற்றினாலும் அது அவர்கள் நடிப்பு. அவர்களுக்குப் பெயர் போட்டே ஆகவேண்டும்.

நம் சட்டம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கலைஞர் நிகழ்த்தியதற்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. குரலின் நிறத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. 2012 திருத்தம், 'நிகழ்த்தியது நான்' என்று பெயர் கேட்கும் உரிமையை 38பி பிரிவில் கொடுத்தது. கூடவே ஒரு பூட்டும் போட்டது: படத்தில் ஒருவர் பங்கு தற்செயலானது, துணையானது என்று ஆகி, துறை வழக்கப்படி டைட்டிலில் அவர் பெயர் வருவதில்லை என்றால், அவர் பெயர் கேட்க முடியாது. பெயர் போடும் வழக்கம் இல்லை என்பதையே பெயர் மறுக்கக் காரணமாக்கலாம்! டிராக் பாடகரைத் 'துணை' என்று தள்ளிவிட எத்தனை நேரம் ஆகும்? இந்தப் பூட்டை உடைத்தே ஆகவேண்டும்.

'மனசிலாயோ' இதில் ஒரு நல்ல முன்மாதிரி. மறைந்தவரின் மகனே பாடினார், பாடகர் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. ஆனால் மகன் என்பதால் வந்த பெயர், வெளியாள் என்றால் வருமா?

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். முதலில், குரலை வாடகைக்கு விடுவது குடும்பங்களுக்கு ஒரு வருமானமாகும். மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உயிரோடிருக்கும் ஒரு பாடகரின் குரலைப் போலி செய்யத் தடை விதித்தது. அந்த வழியில் சென்னையிலும் வழக்குகள் வரும். குரலுக்குச் சொந்தக்காரர்கள் ஜெயிப்பார்கள், பாடினவர் அப்போதும் வெளியே நிற்பார். அடுத்து, இது பாட்டோடு நிற்காது. 'கோட்' படத்திலேயே 2023 டிசம்பரில் மறைந்த நடிகரின் முகமும் வந்துவிட்டது. விரைவில் முழுப் பாத்திரத்துக்கும் இறந்தவர் குரல் வரும், அதற்கு யாராவது விருதும் கேட்பார்கள். அன்றைக்கு ஒரு டிராக் கலைஞர் தன் அசல் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு கலைஞர்கள் சங்கத்தின் படியேறுவார். அவர் வடசென்னைக்காரராக இருப்பார் என்பது என் பந்தயம்.

என் தீர்ப்பு இது: பாடினவர் அல்லது பேசினவர் பெயர் முதலில், 'குரல் நிறம்' என்று மறைந்தவர் பெயர் அதற்குக் கீழே. அடுத்து இப்படி ஒரு பாட்டு வரும்போது, மூன்றாவது அடியில் மூச்சு எங்கே விழுகிறது என்று கேளுங்கள். அந்த மூச்சுக்காரரின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், படத்தைத் தயாரித்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.