ரைட்டரின் ஞாபகம்: மூன்று மொழி அறிவிப்புக்கு எழுத்துப்பிழை திருத்தி கைகொடுக்குமா?

ஒரகடம் சிப்காட் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் அறிவிப்பு ஒட்டுவது மூன்று மொழி வேலை. பாதுகாப்பு விதி தமிழில் வேண்டும், வட மாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியிலும் வேண்டும், மெஷின் பெயரும் பார்ட் நம்பரும் ஆங்கிலத்தில்தான் வரும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் இதற்கு ஒத்துவருமா என்று மாதிரி அறிவிப்பு ஒன்றை அடித்துப் பார்த்தேன்.

ரைட்டர் மீது வழக்கமாக வரும் புகார், தமிழ் என்று வைத்துவிட்டுப் போனால் மறுநாள் மாறிக் கிடக்கிறது என்பது. காரணம், அது நம் விருப்பங்களை வெவ்வேறு இடங்களில் சேமிப்பதுதான். அடிக்கும்போதே சிவப்புக் கோடு போடும் வசதி (ஷிஃப்ட் + எஃப்7) பயனரின் அமைப்புக் கோப்பில் பதிவாகும். கீழ்ப்பட்டையில் தேர்ந்தெடுக்கும் மொழியோ, திறந்திருக்கும் ஆவணத்துக்குள் மட்டுமே பதிவாகும். அடுத்த புதிய ஆவணம் பழைய மொழியோடுதான் திறக்கும். ஷிஃப்டுக்கு ஒருவர் தனித்தனி லாகினில் நுழையும் கம்ப்யூட்டரில் ஒருவர் செய்த அமைப்பு இன்னொருவருக்கு வராது.

இரண்டாவது சிக்கல் கீபோர்டு. விண்டோஸில் மொழியை மாற்றினால் ரைட்டரும் கூடவே மாறும். ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் ‘இக்னோர் சிஸ்டம் இன்புட் லாங்குவேஜ்’ என்பதை டிக் செய்தால் இந்தத் தொல்லை தீரும்.

மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரியது. ரைட்டர் தமிழையும் இந்தியையும் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்’ என்ற ஒரே வகையில் அடைக்கிறது. அந்த வகைக்கு இயல்பு மொழி ஒன்றைத்தான் வைக்க முடியும். தமிழை வைத்தால் இந்திப் பத்தியையும் தமிழென்றே எடுத்துக்கொள்ளும். இந்திக்கென்று தனிப் பத்தி ஸ்டைல் உருவாக்கி, அதன் ஃபான்ட் பகுதியில் மொழியைக் குறித்துவிடுவதே வழி. பிறகு அந்த ஆவணத்தை டெம்ப்ளேட்டாகச் சேமித்து, அதையே இயல்பு டெம்ப்ளேட்டாக வையுங்கள். புதிய ஆவணம் ஒவ்வொன்றும் இந்த அமைப்போடு திறக்கும்.

‘இக்னோர் ஆல்’ பொத்தானை நம்ப வேண்டாம். அதில் ஒதுக்கிய சொல், ரைட்டரை மூடித் திறந்ததும் மீண்டும் சிவப்பாகும். ஜிக், டை, கன்வேயர், இன்டென்ட் போன்ற ஆலைச் சொற்களை ‘ஆட் டு டிக்‌ஷனரி’ கொடுத்துச் சேருங்கள். அவை பயனர் ஃபோல்டரில் ‘ஸ்டாண்டர்ட்’ என்ற அகராதிக் கோப்பில் நிற்கும்; அந்தக் கோப்பை மற்ற லாகின்களுக்கும் நகலெடுக்கலாம்.

திருத்தி எப்படி? உள்ளே இருப்பது ஹன்ஸ்பெல். ஹங்கேரியரான லாஸ்லோ நேமெத் தம் தாய்மொழிக்காக உருவாக்கியது. ஃபயர்ஃபாக்ஸிலும் இதுவே இயங்குகிறது. ஹங்கேரிய மொழியும் தமிழைப் போல விகுதிகளை அடுக்கும் மொழி என்பதால் அடித்தளம் நமக்குப் பொருந்தும். ஆனால் அகராதியில் விதி இல்லாத சொல், சரியாக இருந்தாலும் சிவப்பாகும். ‘பாதுகாப்பு கண்ணாடி’ என்று ஒற்றை விட்டால் கோடு விழாது. திருத்தி சொல் சொல்லாகத்தான் பார்க்கிறது, தனித்தனியே இரண்டும் சரியான சொற்கள். சந்திப் பிழைக்கு, நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ என்ற திருத்தியில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை: தமிழ் அகராதி இல்லாத கம்ப்யூட்டரில் எந்தப் பிழைக்கும் கோடு வராது, பக்கம் பிழையற்றது போலத் தெரியும். மொழிப் பட்டியலில் தமிழுக்குப் பக்கத்தில் டிக் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அகராதி நீட்சியை நிறுவுங்கள்.

நிறை: காசில்லை, மும்மொழியும் ஒரே தாளில், ஸ்டைலில் வைத்த மொழி மாறுவதில்லை. குறை: அமைப்புகள் சிதறிக் கிடக்கின்றன, எது எங்கே பதிவாகிறது என்று திரை சொல்வதில்லை.

தீர்ப்பு: வாரம் ஒரு சுற்றறிக்கையாவது அடிக்கும் அலுவலகம் தயங்காமல் பயன்படுத்தலாம். டெம்ப்ளேட்டை முதல் நாளே ஒருவர் செய்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்ய ஆளில்லாத இடத்தில் இந்தத் திருத்தியால் நிம்மதி கிடைக்காது.