ஆராயாத தீர்ப்பும் துப்பறியும் நாடகமும்

துப்பறியும் கதை பொழுதுபோக்கேயன்றி இலக்கியமாகாது என்பார் உளர். அக்கூற்றின் பொருத்தத்தை இரு படைப்புகளைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, 1989-இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ தொடரின் ‘டிசீவ்டு பை ஃபிளைட்’ என்னும் நாடகம். தலைப்பே கிரிக்கெட்டு வழக்கு. பந்து காற்றில் வரும் போக்கைக் கணிக்க இயலாது மட்டையாளர் ஏமாறுவதைக் குறிப்பது. பழைய மாணவர் பந்தயத்தில் ஆட ஆக்ஸ்போர்டுக்கு வந்த மோர்ஸின் கல்லூரித் தோழர் மின்சாரம் தாக்கி மாள்கிறார். உதவியாளர் லூயிஸ் கல்லூரி வாயிற்காவலராக வேடம் பூண்டு, பின்னர் ஆட்டத்திலும் இறங்குகிறார். கனவான்களின் ஆட்டம் என்று போற்றப்படுவதன் நிழலிலே போதைப்பொருள் கடத்தல் நிகழ்வதைக் காட்டியது இதன் சிறப்பு. ஆயினும் மாண்டவரை நாம் நன்கறியுமுன் புதிர் வளர்கிறது, மனிதர் தேய்கிறார்.

இக்குறை இல்லாதது நம் ‘அந்த நாள்’. சித்தூர் ஆந்திர மாநிலத்தில் அமைந்த 1953-க்கு அடுத்த ஆண்டு, சித்திரைப் புத்தாண்டில் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட படம் இது. எஸ். பாலசந்தர் இயக்கினார். பாடல் ஒன்றுமின்றி உரையாடலையே நம்பியது. 1943-இல் சென்னையில் குண்டு வீழ்ந்த நாளை ஒட்டி, வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி எனப் பலரும் பிறர்மேல் ஐயங்கொள்ள, ஒவ்வொரு வாக்குமூலத்திலும் மாண்டவனின் வேறொரு முகம் வெளிப்படுகிறது. இறுதியில் அவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பதும், தடுக்க முயன்ற மனைவி உஷாவின் துப்பாக்கியே வெடித்தது என்பதும் புலனாகின்றன. அது தவறி வெடித்ததாகக் காட்டியது ஒரு பின்வாங்கலே. கணவனா, நாடா என்னும் கடும் முடிவை அவள் தானே எடுத்திருப்பின் பாத்திரம் இன்னும் உயர்ந்திருக்கும்.

இவ்விரண்டையும் நம் இலக்கியத்தோடு இணைப்பது யாது? சிலப்பதிகாரத்தை நினைக. புகாரிலிருந்து பிழைப்பு நாடி மதுரை புகுந்த கோவலன், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லால் கொலையுண்டான். அவன் பக்கத்து உண்மையைக் கேட்பார் இல்லை. அயலூரான் ஆதலின் பரிந்துரைப்பாரும் இல்லை. பாண்டியன் ஆராய்ந்திருப்பின் அக்காப்பியமே வேறாகியிருக்கும். அவன் செய்யத் தவறியதையே மோர்ஸும், ‘அந்த நாள்’ படத்தில் ஜாவர் சீதாராமன் ஏற்ற அதிகாரியும் செய்கின்றனர்: முதற்சொல்லை நம்பாது அனைவரையும் கேட்கின்றனர்.

தொழிலும் வணிகமும் கருதிச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு இக்கருத்து நூற்பொருள் மட்டுமன்று. எவ்வூரிலும் பொருள் ஒன்று காணாமற்போயின், ஐயம் முதலில் சாய்வது புதிதாய் வந்தவர் மீதே. ஆகவே, கேளாது எவரையும் குற்றவாளி ஆக்காத கதை நமக்கு உரிய கதை. அது நம் பேரிலக்கியம் எழுப்பிய வினாவுக்கு வந்த விடையும் ஆகும்.