பெட்டிக்கு வயசாகலை

அப்பாவின் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்த சர்வீஸ் பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஸ்விட்ச்சைப் போட்டார். விண்டோஸ் வந்து நிற்பதற்குள் அம்மா காபி கலந்து கொண்டுவந்துவிட்டார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"முடிஞ்சு போச்சு சார். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. விண்டோஸ் பத்துக்கே சப்போர்ட் நிறுத்திட்டாங்க. பதினொண்ணு இதுல ஏறாது. புதுசு வாங்கிடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். 76 வயது. 'வயசாச்சு, முடிஞ்சு போச்சு' என்பது பெட்டிக்குச் சொன்னதா தனக்குச் சொன்னதா என்று ஒரு கணம் யோசித்திருப்பார் போல. அவர் போனதும் மெதுவாகச் சொன்னார்: "புதுசு வாங்கினா நீங்களே வெச்சுக்கோங்கடா. இன்னொரு தடவை முதல்லேர்ந்து கத்துக்க எனக்குத் தெம்பு இல்லை."

உங்கள் வீட்டு மூலையிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். மேலே ஒரு துணி போர்த்தியிருக்கும். 'எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடலாமா?' என்று யாராவது கேட்டிருப்பார்கள். போடுவதற்கு முன் ஐந்து நிமிஷம் இதைப் படியுங்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். ஆனால் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. அதில் கம்ப்யூட்டரின் வயசைப் பற்றி ஒரு பெரிய உண்மை ஒளிந்திருக்கிறது.

வருமான வரிக் கணக்கில் 2017-18லிருந்து கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம். அதாவது, 30,000 ரூபாய்க்கு வாங்கிய பெட்டி அடுத்த வருஷம் 18,000. அதற்கடுத்த வருஷம் 10,800. இப்படியே போனால் பத்தாம் வருஷம் 181 ரூபாய். காயலான் கடைக்காரர்கூட இதைவிட அதிகம் கொடுப்பார். ஆனால் அந்த 181 ரூபாய்ப் பெட்டியில்தான் அப்பா குடியிருப்போர் சங்கக் கணக்கைப் போடுகிறார், கார்ப்பரேஷனுக்குத் தமிழில் மனு எழுதுகிறார், பென்ஷன் ஏறியதா என்று பார்க்கிறார், பேரனோடு வீடியோவில் பேசுகிறார். புத்தக மதிப்பு வேறு, உபயோக மதிப்பு வேறு.

ஒரு பொருள் தேய்வதற்கு மூன்று காரணம் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். ஒன்று, உபயோகம். இரண்டு, காலம். மூன்று, வழக்கொழிவு. பொருள் நன்றாக இருக்கும். ஆனால் ஊர் உலகம் அதைக் கைவிட்டிருக்கும். சர்வீஸ் பையன் செய்த தப்பு, இந்த மூன்றையும் ஒரே பில்லில் போட்டது. நாம் பிரித்துப் பார்ப்போம்.

உபயோகத்தால் தேய்ந்தது எது? ஹார்ட் டிஸ்க். நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற தட்டு அது. ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் ஊசி ஓடிப்போய்த் தேடி எடுக்க வேண்டும். காபி ஆறுகிற வரைக்கும் விண்டோஸ் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிராசஸர் பாவம், சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால், அதே பெட்டியா என்று கேட்பீர்கள். அதில் சுற்றுகிற தட்டே கிடையாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இதைச் செய்யாமல் எந்தச் சிஸ்டத்தை ஏற்றினாலும், பழைய மாட்டுக்குப் புது லாடம் அடித்த கதைதான்.

காலத்தால் தேய்ந்தது? உள்ளே சேர்ந்த தூசி. அப்புறம் மதர்போர்டில் காசு சைஸில் இருக்கிற பேட்டரி. இது தீர்ந்துபோனால் தேதி தப்பாகும். தேதி தப்பானால் பேங்க் வெப்சைட் 'பாதுகாப்பில்லை' என்று கதவைச் சாத்தும். வைரஸ் வந்துவிட்டதாக வீடே பதறும். அந்த பேட்டரி கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

மூன்றாவதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். வழக்கொழிவு. இது மட்டும் பெட்டிக்குள் நடப்பதில்லை. வேறு எங்கோ ஒரு மீட்டிங்கில் நடக்கிறது.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29. இதுதான் கடைசி விண்டோஸ் என்று அந்த வருஷம் மைக்ரோசாஃப்ட்டின் மேடையிலேயே அதன் ஊழியர் ஒருவர் பேசினார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. பத்து வருஷம் இலவசமாகப் பழுதுபார்த்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. என் குறை வேறு. 11க்குப் போக அவர்கள் போட்ட கோடு இருக்கிறதே, அதுதான்.

இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். ரகசியச் சாவிகளைப் பூட்டிவைக்கிற லாக்கர் மாதிரி அது. காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த லாக்கர் இருக்கிற ஏழாம் தலைமுறைப் பெட்டிகளும் வெளியே நிற்கின்றன. அந்தத் தலைமுறையில் ஒரு சிலவற்றுக்கு மட்டும் 2021 ஆகஸ்டில் விதிவிலக்குக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 7820எச்.க்யூ. என்ற சில்லு. அது எதில் இருந்தது தெரியுமா? சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 என்ற கம்ப்யூட்டரில். தயாரித்தது மைக்ரோசாஃப்ட்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

சரி, இப்போது நம் முன்னால் நான்கு வழி இருக்கிறது. சினிமா விமர்சனம் போல ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதல் வழி: விண்டோஸ் 10லேயே இருப்பது. அப்டேட் நின்றால் கம்ப்யூட்டர் நிற்காது. மறுநாளும் ஓடும். அதுதான் ஆபத்தே. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வில்லன் உலகம் பூராவும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள். அடைப்பே வராத பெட்டியில் பேங்க் பாஸ்வேர்டு அடிப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகையை வைத்துவிட்டுத் திருப்பதி போவது போல. கூடுதலாக ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நம் செட்டிங்ஸை ஏற்றிவைத்தால் இலவசம். இதை வீடு காலி செய்யக் கொடுத்த நோட்டீஸ் காலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வேறு வீடு பார்க்க வேண்டும்.

இரண்டாம் வழி: எப்படியாவது 11ஐ ஏற்றுவது. "நான் ஏத்தித் தரேன் சார்" என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு. சோதனையை ஏமாற்றி உள்ளே நுழைக்க வழியும் உண்டு. ஆனால் தகுதியில்லாத பெட்டிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது. எந்த அப்டேட்டுக்காக இவ்வளவு பாடோ, அதற்கே உத்தரவாதம் இல்லை. உங்களுக்கே கை வைக்கத் தெரியும் என்றால் செய்து பாருங்கள். அப்பா அம்மாவின் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

மூன்றாம் வழி: கூகுளின் குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ். 2022 ஜூலையில் வந்தது. இலவசம். 4 ஜி.பி. ரேம் போதும். சட்டென்று திறக்கும். வைரஸ் பயம் குறைவு. பிரவுசரைத் தவிர வேறு எதையும் தொடாத வீட்டுக்கு அருமையான சரக்கு. மெயில், யூடியூப், பேங்க் போதும் என்பவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிடலாம். ஆனால் போன்போல ஆண்ட்ராய்டு ஆப் போடலாம் என்று நினைக்காதீர்கள், இதில் ப்ளே ஸ்டோர் கிடையாது. உங்களுக்கு வேண்டிய ஃபான்டைச் சுலபமாக ஏற்றவும் முடியாது. எங்கள் வீட்டில் இது தோற்றது அங்கேதான்.

ஏனென்றால் அப்பாவின் பழைய மனுக்கள் எல்லாம் பாமினி ஃபான்டில் இருக்கின்றன. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010ல்தான். அதற்கு முன்னால் அடித்துப் பழகியவர்கள் கையும் ஃபைலும் அந்தக் காலத்திலேயே இருக்கும். அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் 'ஐயா, வணக்கம்' என்று எழுதியது இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கமாவுமாகத் தெரியும். சங்கத்தின் பல வருஷச் சரித்திரம் ஒரே கிறுக்கல் ஆகிவிடும்.

நான்காம் வழி: லினக்ஸ். பயப்படாதீர்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற காலம் போய்விட்டது. லினக்ஸில் பல வகை உண்டு. பழைய பெட்டிக்கு நான் சிபாரிசு செய்வது மின்ட், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற எளிய வடிவம். 2024 ஜூலையில் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜி.பி. ரேமில் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. கீழே இடது மூலையில் மெனு. விண்டோஸ் பழகிய கை தானாகவே அங்கே போகும்.

லினக்ஸ் ரசிகர்கள் சொல்லாமல் விடுவதையும் சொல்லிவிடுகிறேன். டேலியில் கணக்கு எழுதுகிறவரா? அது விண்டோஸுக்காகச் செய்தது, இங்கே முட்டி மோத வேண்டும். டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் செருகுகிறவரா? அதற்கான மென்பொருள் லினக்ஸுக்கு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எக்ஸெல் ஃபைல்களை லிப்ரே ஆஃபீஸ் திறக்கும். உள்ளே மேக்ரோ எழுதியிருந்தால் தடுமாறும். சில பழைய லேசர் பிரிண்டர்கள் அடம்பிடிக்கும். 'இலவசம்தானே' என்று எதையும் சோதிக்காமல் ஏற்றிவிட்டு, மறுநாள் சலான் பிரின்ட் எடுக்க முடியாமல் நின்றால் சாபம் முழுக்க உங்களுக்குத்தான்.

நல்லவேளையாக, சோதிக்க வழி இருக்கிறது. மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஆன் செய்யலாம். டிஸ்க்கில் ஒன்றையும் தொடாது. புடவைக் கடையில் விரித்துக் காட்டுகிற மாதிரி. பிடிக்கவில்லையா, பிடுங்கிவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பிரிண்டர், கேமரா, சத்தம், வைஃபை நாலையும் அதிலேயே பார்த்துவிடுங்கள். பிடித்துப்போய் நிரந்தரமாக ஏற்றுவதென்றால், அதற்கு முன் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்தே ஆக வேண்டும். ஏற்றும்போது பழையது அழியும். அழிந்தது அழிந்ததுதான்.

"ரெண்டையும் வெச்சுக்கலாமே?" என்பீர்கள். 2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அப்படித்தான், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. பாஸ் வேறெங்கிருந்தும் வந்ததல்ல, சென்னை சி-டாக்கில் உருவானது. ஆனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். விட்டுவிட வேண்டிய வீட்டின் சாவியைப் பையிலேயே வைத்திருந்தால் புது வீடு பழகாது.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது? பென் டிரைவோடு ஒரு வாரம். முதல் நாள் அப்பா உர்ரென்று இருந்தார். இரண்டாம் நாள் "பிரவுசர் அதேதானே?" என்றார். பாமினி ஃபான்ட் ஃபைலைக் காப்பி செய்து போட்டேன், பழைய மனுக்கள் அப்படியே தமிழில் திறந்தன. தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு. அதைச் சேர்த்துக் கொடுத்தேன். அவர் இளமையில் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர். விரல்கள் எதையும் மறக்கவில்லை. யூனிகோடில் முதல் கடிதம் அன்றைக்கே அடித்தார், தண்ணீர் லாரி வரவில்லை என்று!

பிரிண்டர் மட்டும் மூன்று நாள் படுத்தியது. அதை மறைக்க மாட்டேன். என் மச்சினன் பையன் போனிலேயே வழிகாட்டிச் சரிசெய்தான். ஆபரேட்டிங் சிஸ்டம் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே விதி அங்கேதான் பிடிபட்டது. 'எது சிறந்தது?' என்று கேட்காதீர்கள். 'இதில் உட்காருகிறவருக்கு என்ன வேலை? ஏதாவது நின்றுபோனால் அவர் யாரைக் கூப்பிடுவார்?' என்று கேளுங்கள். கூப்பிட ஆள் இருந்தால் மின்ட். ஆளே இல்லை, பிரவுசர் போதும் என்றால் ஃப்ளெக்ஸ். டேலியும் டோக்கனும்தான் பிழைப்பு என்றால், மனசைத் திடப்படுத்திக்கொண்டு புதுப் பெட்டி வாங்குங்கள். பழையதை மின்ட் போட்டுப் பேரனிடம் கொடுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், எஸ்.எஸ்.டி.

இப்போது பெட்டி காபிக்குக் காத்திருப்பதில்லை. அம்மா டம்ளரோடு வரும்போது அப்பா பாதி மெயில் படித்திருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் காரியதரிசி வந்திருந்தார். அவர் வீட்டுப் பெட்டிக்கும் 'முடிஞ்சு போச்சு' என்று சொல்லிவிட்டார்களாம். எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பெட்டிக்கு வயசாகலை சார். உட்காருங்க, காட்டறேன்."